ரப்பர் எப்போதும் நம்மைக் காக்குமா?

மாணவச் செல்வங்களே! “காலில் ரப்பர்க் காலணி இருக்கிறது, மின்சாரம் என்னை என்ன செய்யும்?” என்று பெரியவர்கள் சிலர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று சரியானதா? இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

உலர்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பினால் பலமுறை வாருங்கள். பின்னர் அச்சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு செல்லுங்கள். துண்டுகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். இதற்குக் காரணம் மின்னூட்டம் ஆகும். எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் மையத்தில் நேர்மின்னூட்டமும், அதனைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களில் எதிர்மின்னூட்டமும் உள்ளன. முடியை வாரும்போது எலெக்ட்ரான்கள் சில முடியிலிருந்து சீப்புக்குச் செல்கின்றன. ஆகவே சீப்பு மின்னூட்டம் பெறுகிறது.

மின்னூட்டம் எல்லாப் பொருள்களின் வழியாகவும் ஒரே விதமாகச் செல்வதில்லை. இவ்வுண்மையை 1729-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே கண்டறிந்தார். செம்பு, அலுமினியம், இரும்பு முதலிய உலோகங்களில் எலெக்ட்ரான்கள் சில தடையின்றி உலவுகின்றன. இவை எளிதிற் கடத்திகள் எனப்படும். ரப்பர், கண்ணாடி, பீங்கான், உலர்ந்த மரம் ஆகியவற்றில் எலெக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. இவை அரிதிற் கடத்திகளாம்.

அரிதிற் கடத்திகளின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் இடமுண்டு. மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் உறைந்து ‘கட்டாபெர்ச்சா’ என்னும் பொருளாகும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, 1843-இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அது கடல்நீரில் கெடுவதில்லை. மின்சாரத்தையும் கசிய விடுவதில்லை. ஆதலின் 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று.

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓர் அரிதிற் கடத்தியை வைத்தால் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கவும் இயலும். இக்கருவிக்கு மின்தேக்கி என்று பெயர். நம் வீட்டு மின்விசிறியிலும் ஒரு சிறு மின்தேக்கி உண்டு. வானத்து மேகங்களிலும் இவ்வாறே மின்னூட்டம் சேர்கிறது. மேகத்திற்கும் நிலத்திற்கும் இடையே உள்ள காற்று ஓர் அரிதிற் கடத்தியே. எனினும் மின்னூட்டம் அளவு கடந்து பெருகும்போது காற்றின் தடை உடைகிறது, இடி விழுகிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அரிதிற் கடத்தி என்றால் ஒருபோதும் கடத்தாது என்பது பொருளன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரம் பட்டாலும், மின்னழுத்தம் மிகுந்தாலும் அவ்வெல்லை தகர்ந்துவிடும். பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு ஒரு விரல் கனமுள்ள காலணி எம்மாத்திரம்? நனைந்த மூங்கிலும் வியர்வை படிந்த கையும் மின்சாரத்திற்கு வழிவிடும்.

செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர்கள் இதனை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். அவர்கள் ஏந்தும் நீண்ட அலுமினியத் தடி மிகச் சிறந்த மின்கடத்தி. தோட்டங்களின் ஓரமாகச் செல்லும் மின்கம்பிகளில் 11,000 வோல்ட் மின்னழுத்தம் இருக்கக்கூடும். தடி அக்கம்பியைத் தொடாமல் மிக அருகில் சென்றாலும் உயிருக்கு ஆபத்து நேரும், காலணி காவாது. கம்பியின் அருகில் உள்ள மரத்தில் குலை வெட்டுவதற்கு முன் மேற்பார்வையாளரிடம் தெரிவித்தல் வேண்டும். இடி முழங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும்.

வீட்டில் எவரேனும் மின்சாரத்தால் தாக்குண்டால் அவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மின்விசையை நிறுத்துங்கள்.

மாணவர்களே! இன்று மாலை வீடு சென்றதும் இவற்றை உங்கள் பெற்றோரிடம் எடுத்துக் கூறுங்கள். பள்ளியில் பயிலும் அறிவியல் குடும்பத்தைக் காக்குமானால், அதனினும் சிறந்த பயன் வேறுண்டோ?