‘இல்லை’ என்பதே தகுதி!

வேலைக்கு மனுப் போட்டால், ‘அது இல்லை, இது இல்லை’ என்று கழித்துக்கட்டுவார்கள். அதே ‘இல்லை’க்காகவே ஒருத்தருக்கு சீனியாரிட்டி கிடைத்திருக்கிறது சார்!

பெயர்: கான்டாப்ரிஜியாஸ்டர். அதாவது, ‘கேம்பிரிட்ஜ் நட்சத்திரம்’. ஜாதி: நட்சத்திர மீன். (‘மீன்’ சும்மா மரியாதைக்கு, செதிளும் கிடையாது, முதுகெலும்பும் கிடையாது!) வயசு: சுமார் 48 கோடி வருஷம். கல்லாகக் கிடைத்த ஊர்: மொராக்கோ.

ஆரன் ஹன்டர், ஹாவியர் ஒர்டேகா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் இதைப் புதுப் பேரினமாக அறிவித்தார்கள். கை அஞ்சும் இருக்கிறது. ஆனால், இறகு மாதிரி! இன்றைய நட்சத்திர மீனின் உடலமைப்பில் ஏறக்குறைய 60 சதவிகிதம் மிஸ்ஸிங். இருப்பதில் பாதி ஜாடை கடல் அல்லியுடையது. (பூ இல்லை சாமி... தண்டு ஊன்றி நின்றபடி, கையை விரித்து இரை பிடிக்கிற பிராணி!)

சரி, இவரை எந்த ஃபைலில் போடுவது? நட்சத்திர மீனிலா, அதன் பங்காளியான பாம்பு நட்சத்திரத்திலா? இரண்டிலும் இல்லை. இரண்டு பேருக்கும் கீழே, வம்ச மரத்தின் அடிக்கிளையில் உட்காரவைத்துவிட்டார்கள். கடல் அல்லி மாதிரியான முன்னோரிலிருந்துதான் இந்த வம்சமே வந்தது என்கிற கட்சிக்கு, இவர்தான் இப்போது பலமான சாட்சி!

அந்த 60 சதவிகிதம்? பின்னால் வந்த வாரிசுகள் சேர்த்த சொத்து!