புள்ளி போட்ட கிதார்: பட்டி கை பற்றி ஒரு குறிப்பு

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி ராஜபாளையம் வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. போனில் பட்டி கையின் பாட்டு ஒன்றைப் போட்டேன். ஹெட்போனை ஒழுங்காகச் சொருகவில்லை போல, சத்தம் வெளியே கேட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, இந்த ஆளு பாடுறாரா, அழுறாரா, இல்ல யாரையும் ஏசுறாரா?" என்றார்.

"மூணுந்தான் ஐயா" என்றேன்.

"எந்த ஊரு?"

"அமெரிக்கா. சின்ன வயசுல பருத்தி எடுத்தவரு."

"பருத்தியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். ஜார்ஜ் கை என்பதுதான் வீட்டில் வைத்த பெயர். உலகத்துக்கு பட்டி கை. தமிழில் எழுதினால் ஏதோ பட்டிக்காட்டுக் கை என்பது போல ஆகிவிடுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான். 1936 ஜூலை 30-ஆம் தேதி, லூசியானா மாநிலத்தில் லெட்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அதே 1936-ல்தான் இங்கே பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். தற்செயல்தான், இதில் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம். ஆனாலும் பருத்தியை நூலாக்கிப் பிழைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பருத்தியை எடுத்துப் பிழைத்தவரின் பாட்டைக் கேட்கிறேன் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

பட்டியின் அப்பா அம்மா நிலம் இல்லாதவர்கள். நம்ம பக்கம் 'வாரத்துக்கு உழுறது' என்று சொல்வோமே, அதே ஏற்பாடு. நிலம் வெள்ளைக்காரருடையது, உழைப்பு கறுப்பினக் குடும்பத்துடையது, விளைச்சலில் பங்கு. 1860-களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பருத்திக் காட்டோடு கட்டிப்போட்டது இந்த வார முறைதான். விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடன் வருஷக் கடைசிக் கணக்கில் பங்கைத் தின்றுவிடும். இந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் கரண்ட் கிடையாது. கிதாரும் கிடையாது. கொசு வராமல் இருக்க ஜன்னலில் அடித்திருந்த கம்பிவலையிலிருந்து கம்பியை உருவி, பலகையில் கட்டி மீட்டியிருக்கிறான் பையன். வீட்டுக்குள் கொசு எப்படி வருகிறது என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் புரியவில்லையாம். பிறகு அப்பா யாரிடமிருந்தோ பழைய கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் இருந்தது இரண்டே கம்பி.

சரி, ப்ளூஸ் என்றால் என்ன? 'சோகப் பாட்டு' என்று மட்டும் சொன்னால் பாதி தப்பு. சோகத்தைச் சொல்லிச் சிரிப்பது, சொல்லி ஆடுவது, சொல்லி வம்பிழுப்பது எல்லாமே ப்ளூஸ்தான். அதன் கட்டமைப்பு எளிமையானது. பெரும்பாலான பாட்டுகள் 12 தாளக்கட்டு கொண்ட ஒரு சுற்று. அந்தச் சுற்றில் வருவது மூன்றே கார்டுகள். ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் கிதார் பேசும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவாரே, அந்த வேலையை இங்கே கிதார் செய்கிறது. வெறும் ஆமா மட்டும் போடாமல், சில சமயம் 'அப்படியா சொல்றே?' என்று எதிர்க்கேள்வியும் கேட்கும்.

அடுத்து ஸ்வரங்கள். ப்ளூஸ் கிதார்காரர்கள் அதிகமாகப் புழங்கும் ஐந்து ஸ்வரங்களை நம் கணக்கில் எழுதினால் ஸ, க, ம, ப, நி. அதாவது சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம். நமக்கு இது சுத்த தன்யாசி. ராகம் வேறு, ப்ளூஸ் வேறு. ஒரே செங்கல்லில் இரண்டு வீடு கட்டலாம், அவ்வளவுதான். ஆனாலும் நம் காதுக்கு ப்ளூஸ் அந்நியமாகத் தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் கம்பியை வளைப்பது. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. கிதாரில் உண்டு. அழுத்திய கம்பியை அப்படியே பக்கவாட்டில் தள்ளினால் இழுவிசை கூடி ஸ்வரம் மேலே ஏறும். வீணையில் கம்பியை இழுத்து கமகம் பிடிப்பதும் இதே தத்துவம்தான். ப்ளூஸின் உயிர் இருப்பது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் உள்ள சந்தில். அந்த இடத்துக்குத் தனிப் பெயரே உண்டு, 'ப்ளூ நோட்' என்பார்கள். சோகமா சந்தோஷமா என்று முடிவு சொல்லாத ஸ்வரம். பஸ்ஸில் பெரியவர் கேட்ட கேள்வி சரியாக இந்தச் சந்திலிருந்துதான் வந்தது.

இதை எல்லா ப்ளூஸ்காரர்களும் செய்வார்கள். பட்டியிடம் என்ன விசேஷம்? பி.பி. கிங் கம்பியை வளைத்தால் சரியான இடத்தில் போய் நிற்கும், அது ஒரு பெரிய மனிதரின் நிதானம். பட்டி வளைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. தாண்டிப் போவார், அங்கேயே பிடித்து நடுங்க வைப்பார், பொசுக்கென்று விட்டுவிடுவார். காது கிழிகிற சத்தத்தில் வாசித்துக்கொண்டே வந்து, கிதாரின் வால்யூம் குமிழைத் திருகி ஒரு முணுமுணுப்புக்கு இறக்கிவிடுவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயும். அப்போது மறுபடி ஒரே அடி. மிருதங்கத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று தவில் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

கூட்டத்துக்குள் இறங்கி நடந்துகொண்டே வாசிப்பது அவருடைய இன்னொரு அடையாளம். இளவயதில் பேட்டன் ரூஜ் நகரில் கிதார் ஸ்லிம் என்ற கலைஞரின் கச்சேரிக்குப் போயிருக்கிறார். கிதார் சத்தம் கேட்கிறது, மேடையில் ஆளைக் காணோம். நீள ஒயரை இழுத்துக்கொண்டு வாசல் பக்கமிருந்து வாசித்தபடியே உள்ளே வந்தாராம் ஸ்லிம். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது பட்டிக்கு. நையாண்டி மேளக்காரர்கள் நம்மை இடித்துக்கொண்டு வாசித்தபடி போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சுகம் தெரியும். மேடையும் தரையும் ஒன்றாகிவிடும்.

1957 செப்டம்பர் 25-ஆம் தேதி பட்டி சிகாகோவுக்கு ரயில் ஏறினார். வயது 21. தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து வடக்கின் தொழிற்சாலைகளுக்கு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் போன காலம் அது. கிராமத்து ப்ளூஸ் மின்சாரக் கிதாரில் ஏறியதும் அந்த நகரத்தில்தான். காசு தீர்ந்து, பல நாள் பசியோடு ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்த நேரத்தில், ஒரு கிளப்பில் இவர் வாசிப்பதைக் கேட்ட மடி வாட்டர்ஸ் ஒரு சாண்ட்விச் கொடுத்துச் சாப்பிட வைத்தாராம். பட்டி வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கதை இது. மடி வாட்டர்ஸ் அன்றைய சிகாகோ ப்ளூஸின் ராஜா. குரு கிடைத்துவிட்டார்.

ஆனால் வாழ்வு உடனே கிடைக்கவில்லை. சிகாகோவின் பெரிய ப்ளூஸ் கம்பெனியான செஸ் ரெக்கார்ட்ஸ், பட்டியை மற்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வைத்துக்கொண்டது. கிளப்பில் வாசிக்கிற மாதிரி ஸ்டுடியோவில் வாசித்தால் 'இரைச்சல்' என்று நிறுத்திவிடுவார்கள். அங்கே அவர் பெயரில் முழு ஆல்பம் வந்தது 1967-ல், பத்து வருஷம் கழித்து. பகலில் பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரி ஓட்டினார். இதற்குள் கடல் தாண்டி எரிக் கிளாப்டன் போன்ற ஆங்கிலேய இளைஞர்கள் பட்டியைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதே 'இரைச்சலை' வைத்து உலகப் புகழ் அடைந்தார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-ல் பட்டியின் கச்சேரிக்கு டேப் ரெக்கார்டரோடு வந்து பதிவு செய்துகொண்டார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். வாரக் கணக்கு சிகாகோவிலும் விடவில்லை.

அடக்கி வாசிக்கத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1964-ல் வந்த மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' ஆல்பத்தைக் கேளுங்க. மின்சாரம் இல்லாத கிதாரில் பக்கவாத்தியம் வாசிப்பது பட்டிதான். பெரியவர் பாடும்போது பின்னால் நிற்கும் பேரப்பிள்ளையின் பணிவு அந்த வாசிப்பில் இருக்கும். பெரிய சத்தம் போடுகிறவருக்குச் சின்னச் சத்தத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

பட்டிக்கு உண்மையான விடிவு 1991-ல். 'டாம் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' என்ற ஆல்பம் வந்து, கிராமி விருதும் வாங்கியபோது வயது 55. நம்ம மில்களில் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வயது. 2003-ல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம். 2011-ல் மும்பை பாந்த்ராவில் மெஹபூப் ஸ்டுடியோவில் மகிந்திரா ப்ளூஸ் விழா தொடங்கியபோது முதல் வருஷமே வந்து வாசித்தார். அப்போது வயது 74. அதற்குப் பிறகும் வந்தார்.

இனி புள்ளி போட்ட கிதார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட கிதாரோடு பட்டியைப் பல படங்களில் பார்க்கலாம். வெறும் மேடை அலங்காரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதை வேறு. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அம்மா பக்கவாதத்தில் இருந்தார். பிள்ளை பிரிகிற கவலையைக் குறைக்க, "சிகாகோவில் நல்லா சம்பாதிச்சு, புள்ளி போட்ட கடிலாக் கார்ல வந்து இறங்குறேன்" என்ற மாதிரி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தாராம். அம்மா 1968-ல் இறந்துபோனார். அது பொய் என்று அவரிடம் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அதற்காகத்தான் கிதாரில் புள்ளி. சட்டையிலும் புள்ளி.

ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்கள் வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லாமல் போனதில்லை. திருப்பூர் போனாலும் சரி, துபாய் போனாலும் சரி. 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்.' அந்தப் பொய்யை ஒரு மனிதர் பல வருஷம் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வாசித்தார் என்பது எனக்கு எந்த விருதையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

மடி வாட்டர்ஸ் 1983-ல் போனார். கூடவே வாசித்த ஜூனியர் வெல்ஸ் 1998-ல், பி.பி. கிங் 2015-ல், ஓட்டிஸ் ரஷ் 2018-ல். ப்ளூஸை விட்டுவிடாதே என்று மடி தன்னிடம் கேட்டுக்கொண்டதை பட்டி மேடைகளில் சொல்வார். சொன்னதோடு நிற்கவில்லை. சிகாகோவில் 1989-ல் 'லெஜண்ட்ஸ்' என்ற கிளப்பைத் தொடங்கி நடத்தினார். எட்டு வயதுப் பையன் க்வின் சல்லிவனை மேடையேற்றினார். மிசிசிப்பியில் 1999-ல் பிறந்த கிங்ஃபிஷ் இங்க்ரமின் முதல் ஆல்பத்தில் கூட வாசித்தார். 2025-ல் வந்த 'சின்னர்ஸ்' படத்தின் கடைசியில், வயதான ப்ளூஸ் கலைஞராக வருபவரும் இவரே. ஒரு சாண்ட்விச்சின் கடனை இப்படி அடைத்துக்கொண்டே இருக்கிறார்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'ஸ்டோன் க்ரேஸி'யில் தொடங்கலாம். 1960-களின் தொடக்கத்தில் செஸ்ஸில் பதிவானது. அடுத்து ஜூனியர் வெல்ஸோடு வாசித்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்', 1965. அதன் பிறகு 1991 ஆல்பம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது கிதாரை விட்டுவிட்டு, வரிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்க. ஆள் அங்கேதான் இருக்கிறார்.

அந்தப் பெரியவரை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் இந்தத் தடவை ஹெட்போனைச் சொருகப் போவதில்லை.