பல்கலைக்கழக வளாக வழிகாட்டிச் செயலிகள்: பார்வையற்ற மாணவர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்க்கு வழிகாட்டும் திறன்பேசிச் செயலிகள் இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழக வளாகத்திற்கென உருவாக்கப்பட்ட ‘நாவ்காக்’ செயலி சான்றாகக் கொள்ளப்படுகிறது. இத்தகைய செயலியின் பயன், இருப்பிடம் அறியும் கருவியைக் காட்டிலும் வளாகம் பற்றிய தரவின் செம்மையையே மிகுதியும் சார்ந்துள்ளது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வளாக வழிகாட்டல், திறன்பேசிச் செயலி, பார்வையற்ற மாணவர், நாவ்காக், வரைபடத் தரவு

முன்னுரை

புதிதாகச் சேர்ந்த மாணவர்க்குத் தம் துறையின் பெயர் தெரியும்; அது எந்தக் கட்டடத்தில், எந்தத் தளத்தில், எவ்வாயிலின் வழியாக அடையத்தக்கது என்பது தெரியாது. பார்வையுள்ள மாணவர் பெயர்ப்பலகைகளைப் படித்தும், பிறர் செல்லும் திசையைக் கண்டும் சில நாள்களில் வழி பழகிக்கொள்கிறார். பார்வையற்ற மாணவர்க்கு இவ்விரு துணைகளும் இல்லை. தேர்வறைக்குச் செல்வதற்கும் பிறரை எதிர்நோக்கி நிற்க வேண்டிய நிலை அவரது தற்சார்பைக் குறைக்கிறது. எனவே, வளாக வழிகாட்டிச் செயலியின் தகுதியை அறிய அவருடைய தேவையே தக்க அளவுகோலாகும்.

செயற்கைக்கோள் வழிகாட்டலின் எல்லை

பெரும்பாலான வழிகாட்டிச் செயலிகள் ஜி.பி.எஸ். முதலிய செயற்கைக்கோள் அமைப்புகளின் குறிப்பலைகளைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கின்றன. திறந்த வானின்கீழ் இக்கணிப்பு பொதுவாக 5 மீட்டர் அளவிற்குள் அமையும். சாலையில் செல்லும் ஊர்திக்கு இது போதுமானது. கட்டடத்தினுள் நடப்பவர்க்கோ 5 மீட்டர் வேறுபாடு என்பது அடுத்த அறை. சிலபோது மாடிப்படியின் விளிம்பு. மேலும், கூரையும் சுவரும் குறிப்பலைகளை வலுவிழக்கச் செய்வதால் கட்டடத்தினுள் இம்முறை நம்பத்தக்கதாக இல்லை. மாணவர்க்கு வழி மிகவும் தேவைப்படும் இடத்திலேயே செயற்கைக்கோளின் துணை நின்றுவிடுகிறது.

நாவ்காக் செயலியின் அமைப்பு

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக ஐ.பி.எம். நிறுவனமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இணைந்து 2015ஆம் ஆண்டில் நாவ்காக் செயலியை அறிமுகப்படுத்தின. இம்முயற்சியில் முதன்மைப் பங்காற்றிய ஜப்பானியக் கணினி அறிஞர் சியேக்கோ அசகாவா, தம் 14ஆம் வயதில் பார்வையை இழந்தவர். பயனாளரின் தேவையைத் தம் பட்டறிவால் உணர்ந்தவரே கருவியின் உருவாக்கத்திலும் பங்கேற்றமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

நடைபாதைகளை ஒட்டி ‘பீக்கன்’ எனப்படும் சிறு புளூடூத் கருவிகள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு பீக்கனும் தன் அடையாள எண்ணை இடைவிடாது ஒலிபரப்புகிறது. திறன்பேசி, தன்னை வந்தடையும் குறிப்பலைகளின் வலிமையைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கிறது. சுவர்களும் மனித உடல்களும் இவ்வலிமையை மாற்றக்கூடியவை. ஆதலின், வளாகத்தின் பல இடங்களில் அலைவலிமை முன்கூட்டியே அளந்து பதிவு செய்யப்படுகிறது. திறன்பேசியின் உணரிகள் காட்டும் நடையும் திரும்பலும் அதனுடன் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. கிடைத்த வழிக்குறிப்பு காதொலிப்பான் வழியே மெல்லிய குரலாகவோ, திறன்பேசியின் அதிர்வாகவோ பயனாளரை அடைகிறது.

குறுகிய வழியும் ஏற்ற வழியும்

இருப்பிடம் அறிந்தபின் வழியைத் தேர்ந்தெடுத்தல் அடுத்த படியாகும். சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் கொண்ட வலையமைப்பில் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை நெதர்லாந்து அறிஞர் எட்சகர் டைக்ஸ்ட்ரா 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். வழிகாட்டிச் செயலிகள் பலவற்றுக்கு இம்முறையும் இதன் வழிவந்த முறைகளுமே அடிப்படை.

ஆயினும், குறுகிய வழி அனைவர்க்கும் ஏற்ற வழியாகாது. சக்கர நாற்காலியில் செல்பவர்க்கு மூன்று படிகள் உள்ள வழி, வழியே அன்று. பார்வையற்றவர்க்குத் திறந்தவெளிக் கூடத்தைக் குறுக்கே கடப்பதினும், சுவரை ஒட்டிய நீண்ட தாழ்வாரம் எளிதாதல் உண்டு. ஒவ்வொரு பாதையிலும் படி, சாய்தளம், கதவு, மின்தூக்கி ஆகியவை பதியப்பட்டிருந்தால் மட்டுமே கணினி இவ்வேறுபாட்டை அறியும். பதியப்படாத படியைச் செயலி சமதளமாகவே கொள்ளும்.

தரவும் பராமரிப்பும்

நாவ்காக் குழுவினர் செயலியுடன் வரைபடத்தைத் திருத்தும் கருவியையும் பிற உருவாக்குநர்களுக்குத் திறந்து வழங்கினர். வளாகம் நிலையானதன்று, துறை இடம் மாறும், வாயில் பூட்டப்படும், பாதையில் பள்ளம் தோண்டப்படும். பீக்கன்களின் மின்கலங்களும் தீரும். பழைய வரைபடத்தை நம்பிச் செல்லும் பார்வையுள்ள மாணவர்க்கு அது காலவிரயம். பார்வையற்ற மாணவர்க்கோ இடர். வெண்கோல் காலடியில் உள்ள தடையை உணர்த்தும். செயலி தொலைவில் உள்ள இலக்கை உணர்த்தும். ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கொள்ள இயலாது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), பிரிவு 16, கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என வலியுறுத்துகிறது. இதனை நிறைவேற்றுவதில் சாய்தளமும் மின்தூக்கியும் முதற்படி. அவை எங்குள்ளன என்பதை மாணவர் அறியச் செய்வது அடுத்த படி. தமிழகப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய செயலிகளை உருவாக்குங்கால், துறைப்பெயர்களும் வழிக்குறிப்புகளும் தெளிவான தமிழ்க் குரலில் அமைவதும் அணுகத்தக்கமையின் ஒரு கூறாகவே கருதப்பட வேண்டும்.

முடிவுரை

வளாக வழிகாட்டிச் செயலி ஒருமுறை உருவாக்கி வெளியிட்டவுடன் முடிந்துவிடும் பணியன்று. வாயில்களையும் படிகளையும் அளந்து பதிவதும், மாற்றம் நேருந்தோறும் திருத்துவதும் நிறுவனத்தின் தொடர்பணியாதல் வேண்டும். பீக்கன்களைப் பொருத்தும் முன்னரே, பார்வையற்ற மாணவர்களின் துணையுடன் வளாகத்தின் ஒவ்வொரு பாதையையும் நடந்து பதிவு செய்யலாம். பெருஞ்செலவு வேண்டாத இப்பணியே பின்னர் வரும் எந்தச் செயலிக்கும் அடித்தளமாக அமையும்.