தொரட்டிக்குக் கார்பன் நாரிழைக் கழி

உயரமான மரங்களில் குலை அறுக்க மூங்கில் தொரட்டியே நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கர்நாடக மாநில மலைநாட்டுப் பாக்குத் தோப்புகளில், மரம் ஏறாமல் தரையில் நின்றே அறுவடை செய்ய, கார்பன் நாரிழைக் கழிகளும் இப்போது பயன்பாட்டில் உள்ளன. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி நீளும் இக்கழியின் நுனியில் எஃகுக் கத்தி பொருத்தப்படுகிறது. இதை வாங்க எண்ணும் விவசாயிகள் அதன் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

தலைமுடியை விட மெல்லிய கார்பன் இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து, இறுக வைத்துக் கழி செய்கிறார்கள். ஒரே அளவுள்ள துண்டுகளை நிறுத்தால், எஃகு 7.8 கிலோ இருக்கும்போது அலுமினியம் 2.7 கிலோவும், கார்பன் நாரிழை சுமார் 1.6 கிலோவும் இருக்கும். எடை குறைவானாலும் எளிதில் வளையாது. எனவே கை சலிக்காது. நுனி அதிகம் ஆடாமல் கத்தி குறித்த காம்பில் விழும்.

ஆனால் வெட்டும் அலகு எஃகாகவே இருக்க வேண்டும். நாரிழையைத் தீட்டினால் கூர் நிற்காது. கடைகளில் சொல்லும் 'கார்பன் எஃகு' வேறு பொருள். அது சிறிதளவு கார்பன் சேர்ந்த இரும்பு. கொல்லர் அதைக் காய்ச்சி அடித்துக் கூராக்கலாம். நாரிழைக் கழியை உலையருகே கொண்டு போகக் கூடாது. சூட்டில் பிசின் கெட்டுவிடும்.

மிக முக்கியமான எச்சரிக்கை: கார்பன் நாரிழை மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த மூங்கிலைப் போல் இதை எண்ணிவிடக் கூடாது. 11,000 வோல்ட் கம்பியை மிக நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். கைப்பிடியில் உள்ள ரப்பர் உறை உயிரைக் காக்காது. கழியை முழுவதும் நீட்டி, எப்பக்கம் சாய்ந்தாலும் கம்பியை எட்டாத இடத்தில் மட்டுமே வேலை செய்யவும். அலுமினியக் கழிக்கும், ஈர மூங்கிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை:

1. கத்தியைப் பொருத்தக் கழியில் ஆணி அடிக்கக் கூடாது. இழை அறுந்து கழி பிளக்கும். பூண் போட்டு இறுக்கவும்.

2. கழியைக் கல்லில் மோதவிடாமல், வேலை முடிந்ததும் துடைத்து நிழலில் வைக்கவும்.

3. விரிசலோ சிலும்போ தெரிந்தால் பயன்படுத்த வேண்டாம். சிலும்பு கையில் ஏறும்.

தோப்பின் குறுக்கே மின்கம்பி செல்லுமானால், அதனருகே உள்ள மரங்களில் தொரட்டி போடும் முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே அறுவடை செய்யவும்.