விரல் நுனியில் எழுத்து

கண்ணொளி இழந்தாரைப் பற்றிய பேச்சு எழுந்தால், நம் கல்முனைக் கரையூர்களில் இரண்டு சொற்களே முந்தி வரும். ஒன்று சத்திரசிகிச்சை, மற்றது சதக்கா. கண்புரையை அகற்றினால் ஒளி மீளும், நன்று. மீளாதவிடத்து வெள்ளிக்கிழமை தோறும் கையிற் காசு வைக்கின்றோம், அதுவும் நன்றே. இவ்விரண்டிற்கும் நடுவே கற்பித்தல் என ஒன்று உண்டு. அதனை எண்ணுவார் சிலரே.

எனக்கு உறவினரான மூதாட்டி ஒருவர் பன்பாய் இழைப்பதிற் பெயர் பெற்றவர். நீரிழிவு அவர்தம் விழித்திரையைக் கெடுத்தது. பார்வை மறைந்த சில நாளில் மக்கள் அவரிடமிருந்து அடுப்பை வாங்கினர், பின்னர் கிணற்றடியை, ஈற்றிற் பன்னையும் வாங்கிவிட்டனர். "நீங்க சும்மா இரிங்க உம்மா" என்பது அவர்களுடைய அன்புமொழி. அந்தச் சும்மா இருத்தல் ஏழாண்டு நீண்டது. "கண் போனதுக்கு அழுது முடிச்சிட்டன் தம்பி, கையையும் எடுத்துப் போட்டாங்களே" என்றார் என்னிடம். ஏன் எடுத்தனர்? பாய் இழைப்பவளின் விரல் பன்னை எண்ணுவது கண்ணைக் கேட்டன்று.

பின்னர் ஓர் ஆசிரியை வீடு தேடி வந்தார். தேநீர் வார்க்கையில் கோப்பை விளிம்பில் விரலைக் கொளுவி நிறைவை அறிதல், பணத்தாளை அளந்து இனங்காணல் முதலியவற்றைப் பயிற்றினார். (2011 முதல் வழங்கும் நம் நாட்டுத் தாள்கள் மதிப்புக்கேற்ப ஐந்தைந்து மில்லிமீற்றர் நீளம் கூடுவன. கண்ணுடைய நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?) கோல் பிடிக்கவும் பழக்கினார். வலக்கால் முன்செல்கையிற் கோல்முனை இடப்புறம் தட்டும்; இடக்கால் செல்கையில் வலப்புறம். அடி விழுமுன்னே நிலம் சோதிக்கப்பட்டுவிடும். 1944 அளவில் அமெரிக்கப் போர்வீரர் மருத்துவமனையில் றிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது. இன்று அம்மூதாட்டி மீண்டும் பாய் இழைக்கின்றார். சாயப் பன்னை நிறம் பிரித்துக் கொடுப்பவள் பேத்தி.

தமிழாசிரியனாகிய என்னை மிகவும் ஈர்த்தது பிரெயில் எழுத்தே. லூயி பிரெயில் 1829இல் வெளியிட்ட முறையில் ஆறே புள்ளிகள். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஒருமைப்படுத்தப்பட்ட பாரதி பிரெயிலில் நம் தமிழும் அடங்கும். ஏட்டிலும் தாளிலும் 'கெ' என எழுதுங்கால் கொம்பு மெய்க்கு முன் நிற்கின்றது. 'கொ' எனில் இருபுறமும் நிற்கின்றது. ஒலியோ அவ்வாறன்று. மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. பிரெயிலில் ககரத்தின் பின்னரே எகரம் வரும். கண்ணுக்கு எழுதியதிற் பிறழ்ந்த முறை, விரலுக்கு எழுதியதில் நேர்பட்டது! அந்தகக்கவி வீரராகவருக்கு முதுகில் எழுதி எழுத்தறிவித்தனர் என்பது செவிவழி மரபு. தோல் வழியே தமிழ் புகும் என்பதை நம் முன்னோரும் கண்டிருந்தனர் போலும்.

இலங்கையில் இக்கல்விக்கு மேரி சப்மன் அம்மையார் 1912இல் வித்திட்டார். இரத்மலானைப் பாடசாலை அதன் விளைவு. கைதடியில் 1956இல் நவீல்ட் பாடசாலை எழுந்தது. மட்டக்களப்பிலே 'தரிசனம்' உண்டு. இவை பெரிதும் சிறார்க்கு உரியன. ஐம்பது வயதிற் பார்வை இழந்த நெசவாளியை, மீனவரை எந்த வாங்கில் இருத்துவது?

கண்ணற்றவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னதையும், நபிகளார் வெளிச்சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பை ஏற்றதையும் நம் பள்ளிவாசல்களிற் சொல்லக் கேட்கின்றோம். அவருக்குக் கிடைத்தது காசன்று, கடமை. நம்மூர்ப் பள்ளிவாசற் சபைகளும் சனசமூக நிலையங்களும் சதக்காவில் ஒரு பங்கை ஒதுக்கி, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை வீடுவீடாய் அனுப்பலாகாதா? பாடம் அவரவர் கிணற்றடியிலும் அடுப்படியிலும் நிகழ்தல் வேண்டும். முதல் ஓரிரு கிழமை, வீட்டுப் பிள்ளைகளுக்கே நடத்த வேண்டிவரும்.