ஆணையம் ஓரிடம், அதிகாரிகள் வேறிடம்

சித்தூர் மாவட்டம் பலமனேரின் காவல் துணைக் கண்காணிப்பாளரை மாற்றுமாறு ஆந்திர மாநிலத் தேர்தல் ஆணையம் 2020 மார்ச்சில் உத்தரவிட்டது. வேட்புமனுத் தாக்கலின்போது நடந்த வன்முறைகளையடுத்து, சித்தூர், குண்டூர் ஆட்சியர்கள் உள்பட வேறு பல அதிகாரிகள் மீதும் அதே நடவடிக்கை. உத்தரவு நிறைவேறவில்லை. 2021 ஜனவரியில் ஆணையம் மீண்டும் அதையே வலியுறுத்த நேர்ந்தது.

இடைப்பட்ட பத்து மாதங்களில் மாற்றப்பட்டவர், உத்தரவிட்ட ஆணையரேதான்!

கொரோனா அச்சத்தால் உள்ளாட்சித் தேர்தலை ஆணையர் ரமேஷ் குமார் 2020 மார்ச் 15-இல் ஒத்திவைத்தார். இதற்கு முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் ஆணையரின் பதவிக்காலத்தை ஐந்திலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. ரமேஷ் குமார் பதவியிழக்க, சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கனகராஜ் பொறுப்பேற்றார். அச்சட்டத்தை ஆந்திர உயர் நீதிமன்றம் மே 29-இல் ரத்து செய்தது. ஜூலை இறுதியில்தான் ரமேஷ் குமார் பதவிக்குத் திரும்பினார்.

அரசமைப்புச் சட்டத்தின் 243-கே பிரிவின்படி, உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் ஆணையரை நீக்க முடியும். ஆனால், தேர்தலை நடத்தும் ஆட்சியர் முதல் காவலர் வரை அனைவரும் மாநில அரசின் ஊழியர்கள். தேர்தல் முடிந்தால் அவர்களது பதவி உயர்வும் இடமாற்றமும் அரசின் கையில். சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

தேர்தலை நிறுத்தக் கோரிய ஆந்திர அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 25-இல் தள்ளுபடி செய்த பிறகே, ஆட்சியர்கள் மாற்றப்பட்டனர். பலமனேரில் மார்ச் 10-இல் வாக்குப்பதிவு நடந்தது. அண்டை நகரான புங்கனூரிலோ அனைத்து வார்டுகளிலும் ஆளுங்கட்சியினர் போட்டியின்றித் தேர்வாகியிருந்தனர். வாக்குப்பெட்டிக்கு வேலையே இல்லை.

அதே மார்ச் 12-இல் கோவா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசுப் பணியில் இருப்பவரை மாநிலத் தேர்தல் ஆணையராக நியமிக்கக் கூடாது என்றது. ஆணையரின் நாற்காலிக்கு அத்தீர்ப்பு அரண். அவரது உத்தரவை நிறைவேற்றும் கைகளுக்கு?

2016 முதல் 2019 வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லாமலிருந்த தமிழகத்துக்கும் இது அயலார் பிரச்னை அல்ல. தேர்தல் காலத்திலாவது, ஆணையத்தின் ஒப்புதலின்றி அதிகாரிகளைத் தொட முடியாது என்பதும், ஆணையம் மாற்றச் சொன்னவரை மாற்றியே ஆகவேண்டும் என்பதும் சட்டமாக வேண்டும். இல்லையேல், நீதிமன்றப் படியேறித்தான் ஒவ்வொரு முறையும் ஊராட்சிக்கு வாக்களிக்க வேண்டியிருக்கும்.