சென்னையில் செய்த புல்லட், லண்டனில் எல் போர்டு

சென்னையை ஒட்டிய ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் உருவாகும் புல்லட் 350, கப்பலேறிப் போய் பிரிட்டன் கடைகளிலும் விற்பனைக்கு நிற்கிறது. அந்த வண்டியைத் தாம்பரத்துக்கும் கிண்டிக்குமாகப் பல வருடம் ஓட்டிய ஒருவர் வேலை கிடைத்து லண்டனில் குடியேறினால், முதல் ஓராண்டு அங்கேயும் அதை ஓட்டலாம். ஆண்டு முடிந்த மறுநாள் சாவியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். தமிழ்நாட்டு லைசென்ஸுக்கு பிரிட்டன் சட்டம் கொடுத்திருக்கும் ஆயுள் அவ்வளவே. அதற்குப் பிறகு 125 சிசி வண்டி, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு, பக்கத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகள் என்று பழகுநர் வரிசையில் நிற்க வேண்டும். பின்சீட்டில் மனைவியை ஏற்றக்கூட அனுமதி இல்லை.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, வெம்பிளி என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் இந்தக் கதை பழகிப்போன ஒன்று. லைசென்ஸ் விதிகளையாவது நாலு பேரிடம் கேட்டு ஒருவழியாகத் தெரிந்துகொள்கிறார்கள். சிக்கிக்கொள்வது இன்ஷூரன்ஸில்தான். நம் ஊரில் இன்ஷூரன்ஸ் வண்டியின் பேரில் இருக்கிறது. பிரிட்டனில் அது ஓட்டுகிற ஆளையும், அவர் எதற்காக ஓட்டுகிறார் என்பதையும் பார்த்துத் தரப்படுகிறது. இந்த வித்தியாசம் புரியாமல் கையில் பாலிசி வைத்துக்கொண்டே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுபவர்கள் உண்டு.

பன்னிரண்டு மாதக் கணக்கு

வெளிநாட்டு லைசென்ஸ்களை பிரிட்டன் ஒரே தராசில் நிறுப்பதில்லை. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட சில நாடுகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. அந்த நாடுகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் குடியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் அதைக் கொடுத்து பிரிட்டன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. துபாயில் லைசென்ஸ் எடுத்த திருநெல்வேலிக்காரருக்குத் திறக்கும் கதவு, திருநெல்வேலியில் எடுத்தவருக்குத் திறப்பதில்லை.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம். அவர்கள் லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் இருந்தால் அதுவரை ஓட்டலாம். எல் போர்டு தேவையில்லை. இந்தக் கணக்கில் இரண்டு தப்பெண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது முதலாவது. தொடங்காது. பிரிட்டனில் வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே மாதங்கள் எண்ணப்படும். ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் கூடுதல் காலம் கிடைக்கும் என்பது இரண்டாவது. அந்தச் சிறு புத்தகம் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி இந்தியா வழங்குவது. நம் லைசென்ஸில் இருப்பதை மற்ற நாட்டவர் படித்துப் புரிந்துகொள்வதற்காக உள்ளது. பன்னிரண்டைப் பதிமூன்றாக்கும் சக்தி அதற்கு இல்லை.

மறுபடியும் எட்டு

அவகாசம் முடிந்த பிறகு ஓட்ட வேண்டுமானால் 'புரொவிஷனல்' எனப்படும் பழகுநர் லைசென்ஸிலிருந்து தொடங்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு. அது கையில் வந்தாலும் வண்டியை உடனே தெருவில் இறக்க முடியாது. சிபிடி என்ற கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். 1990 டிசம்பரில் வந்த ஏற்பாடு இது. பிரிட்டன் சாலைகளில் ஓடும் வாகனங்களில் மோட்டார் சைக்கிள்கள் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் சாலையில் சாகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனவர். பழகுநர் ஓட்டக்கூடிய வண்டியின் அளவு 1961இல் 250 சிசியாகவும், 1983இல் 125 சிசியாகவும் குறைக்கப்பட்டதற்கும் இளைஞர்களின் சாவுக்கணக்குதான் காரணம்.

சிபிடியில் பாஸ், ஃபெயில் கிடையாது. மைதானத்தில் பயிற்சி, பாடம், பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் நிஜச் சாலையில் ஓட்டம். சாலையில் ஒரு பயிற்சியாளர் இரண்டு பேருக்கு மேல் அழைத்துப்போகக் கூடாது. பின்னால் வந்தபடி, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே வருவார். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் இடதுபக்கம் போகத் தடுமாறுவதில்லை. அவர்கள் திணறுவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதில். திரும்புவதற்குச் சற்று முன் கண்ணாடியை நம்பாமல் தலையைத் திருப்பிப் பார்க்கும் அந்தப் பார்வையை அங்கே 'லைஃப்சேவர்' என்கிறார்கள். ஹாரன் இன்னொரு தொல்லை. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பதினொன்றரை முதல் காலை ஏழு வரை ஓடும் வண்டியில் ஹாரன் அடிப்பதே குற்றம்.

பயிற்சியாளருக்குத் திருப்தி என்றால் ஒரு சான்றிதழ் தருவார். இரண்டு ஆண்டு செல்லும். எல் போர்டோடு 125 சிசி வரை ஓட்டலாம். மோட்டார்வேயில் ஏறக் கூடாது. இரண்டு ஆண்டு முடிந்தால் மறுபடி சிபிடி. முழு லைசென்ஸுக்குப் போகாமல் சிபிடியை மட்டும் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முழு லைசென்ஸ் 2013 ஜனவரியிலிருந்து மூன்று படிகளாக இருக்கிறது. 17 வயதில் ஏ1, 125 சிசி வரை. 19 வயதில் ஏ2, 35 கிலோவாட் வரை. 24 வயதானால் நேராக ஏ, எந்த வண்டியும். சென்னையில் பிறந்த இன்டர்செப்டர் 650, தன் 47 குதிரைசக்தியோடு ஏ2 எல்லைக்குள் மயிரிழையில் நுழைந்துவிடுகிறது. புல்லட் 350 அதில் பாதி சக்திகூட இல்லாதது. இருந்தும் ஏ1 எல்லையைத் தாண்டிவிடுவதால் அதற்கும் ஏ2 வேண்டும்.

தேர்வு மூன்று கட்டம். முதலில் எழுத்துத் தேர்வு: 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும், வீடியோவைப் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியில் 75க்கு 44. இந்தத் தேர்வைத் தமிழில் கேட்டு எழுத முடிந்த காலம் ஒன்று இருந்தது. தமிழ் உட்பட 19 வெளிநாட்டு மொழிகளில் குரல்வழி மொழிபெயர்ப்பு கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர்கள் விடை சொல்லித்தருகிறார்கள் என்ற மோசடிப் புகார்களும், சாலைப் பலகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற வாதமும் சேர்ந்து 2014 ஏப்ரல் 7ஆம் தேதி அதை நிறுத்திவிட்டன. இப்போது ஆங்கிலம் அல்லது வெல்ஷ்.

அடுத்தது மைதானத் தேர்வு. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டவர்கள் இங்கேயும் எட்டு போட வேண்டும். கூடவே மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் திடீர் பிரேக்கும், தடையைத் தவிர்த்து வளைந்து போவதும். அதில் தேறினால் சாலைத் தேர்வு. மைதானத்துக்குக் கட்டணம் 15.50 பவுண்டு, சாலைத் தேர்வுக்கு வேலைநாளில் 75.

சாவியைக் கடன் கொடுத்தால்

இந்தியாவில் தர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 150க்கு மேல் 350 சிசி வரை உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 1,366 ரூபாய். ஓட்டுபவருக்கு வயது இருபதா அறுபதா என்று யாரும் கேட்பதில்லை. நண்பர் கேட்டால் சாவியைக் கொடுக்கிறோம். அவரிடம் லைசென்ஸ் இருந்தால் பொதுவாகப் பாலிசியும் செல்லும்.

பிரிட்டனில் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். விலையை நிர்ணயிப்பது கம்பெனிகள். வயது, தொழில், வீட்டு அஞ்சல் குறியீடு, வண்டி இரவில் தெருவில் நிற்கிறதா கேரேஜிலா, என்ன பூட்டு, கடந்த ஐந்து ஆண்டில் என்ன விபத்து, என்ன தண்டனை என்று கேள்விகள் நீளும். அதன் மேல் 12 சதவீத வரி. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். அறைத்தோழர் பால் வாங்கிவர அந்த வண்டியை எடுத்துப் போனால், அவரிடம் லைசென்ஸ் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் இன்ஷூரன்ஸ் இல்லாதவர். ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் குற்றவாளி.

புதிதாகப் போனவருக்கு அடி மேல் அடி. ஊரில் பத்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டிய கணக்கைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. வெளிநாட்டு லைசென்ஸ் என்றாலே மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. சட்டம் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம் என்று சொன்னாலும், அந்த மாதங்களில் இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆள் கிடைக்காமல் அலைய நேரும். விண்ணப்பத்தில் 'முழு பிரிட்டன் லைசென்ஸ்' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டால் பிரீமியம் சட்டென்று இறங்குவது கண்ணெதிரே தெரியும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, தெரிந்தே பொய் சொன்னால் கம்பெனி பாலிசியையே ரத்துசெய்து க்ளெய்மை மறுக்கலாம். கவனக்குறைவாகச் சொல்லியிருந்தாலும் தொகையைக் குறைக்கலாம். அடிபட்ட மூன்றாவது நபருக்குக் கம்பெனி பணம் கொடுக்க நேர்ந்தால், பிறகு அதை ஓட்டியவரிடமே வசூலிக்க வழி இருக்கிறது.

பிரியாணிப் பை ஏறியதும்

எதற்காக ஓட்டுகிறார் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. கடை கண்ணிக்குப் போகவும் ஊர் சுற்றவும் ஒரு வகை; தினமும் வேலைக்குப் போய்வர இன்னொரு வகை; கூலிக்குப் பொருள் கொண்டுபோய்ச் சேர்க்க வேறொரு வகை. மூன்றாவதை அங்கே 'ஹயர் அண்ட் ரிவார்ட்' என்கிறார்கள். சாதாரணப் பாலிசியில் அது அடங்காது. வண்டி அதே, ஆள் அதே, தெருவும் அதே. முதுகில் பிரியாணிப் பை ஏறிய நிமிடம் அந்தப் பாலிசி பயன்படாது. டெலிவரிப் பாலிசிகளின் பிரீமியம் அதிகம். பலர் சில மணி நேரம் மட்டுமே ஓட்டுவதால், 2016இல் லண்டனில் தொடங்கிய ஸீகோ போன்ற நிறுவனங்கள் மணிக்கணக்கில் காப்பீடு விற்று வளர்ந்தன.

மாணவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். சுயதொழில் மட்டும் கூடாது. உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் ரைடர்கள் தொழிற்சங்கமாகக் கூட்டுப் பேரம் பேச உரிமை கேட்டுப் போன வழக்கில், தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பும் சுதந்திரம் அவர்களுக்கு இருப்பதைக் காட்டி, அவர்கள் அந்த நிறுவனத்தோடு வேலையாள் என்ற உறவில் இல்லை என்று 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்றால், மாணவர் விசாவில் உள்ளவர் அந்த வேலையைச் செய்ய முடியாது; நண்பரின் கணக்கில் 'பதில் ஆளாக' ஓட்டுவதும் தப்பிக்கும் வழி ஆகாது. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் இரண்டும் சரியாக இருந்தாலும் விசா போய்விடலாம். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறியவருக்கு இந்தத் தடை இல்லை.

கேமரா கேட்கும் கேள்வி

பிரிட்டனில் போலீஸ் வண்டியை மறித்துப் பேப்பர் கேட்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் நாட்டின் எல்லாப் பாலிசிகளும் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுவிடுகின்றன. 2011 முதல், வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாலைக்கு எடுப்பதில்லை என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு புள்ளி. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வழக்கு நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. முழு லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகி, மறுபடி பழகுநர் நிலைக்கே போக வேண்டும்.

விலைக்குப் பயந்தவர்களைக் குறிவைத்து 'கோஸ்ட் புரோக்கர்' என்றொரு கூட்டம் இயங்குகிறது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் மலிவுப் பாலிசி என்று பணம் வாங்கிக்கொண்டு போலிச் சான்றிதழ் அனுப்புவார்கள். அல்லது நிஜப் பாலிசி எடுத்துக் கொடுத்து, சில நாளில் ரத்துசெய்து, திரும்ப வரும் பணத்தையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். ஏமாந்தவர் பணத்தையும் இழந்து, குற்றவாளியாகவும் நிற்பார். வண்டி நம்பரை மோட்டார் இன்ஷூரன்ஸ் தரவுத்தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். புரோக்கரின் பெயர் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

குடியேறுகிறவர்கள் அந்த முதல் ஆண்டை ஓட்டிக் கழிக்காமல், தேர்வுக்குத் தயாராகப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. எழுத்துத் தேர்வின் வெற்றி இரண்டு ஆண்டு செல்லும். அதற்குள் மற்ற இரண்டு கட்டங்களையும் முடிக்க வேண்டும். முழு லைசென்ஸ் கைக்கு வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தால் பிரீமியத்தைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். க்ளெய்ம் இல்லாமல் ஓராண்டு முடிந்தால் அதற்கான சான்றை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிச் சில காலம் தங்கிவிட்டு மறுபடி பிரிட்டன் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயன்படுத்தாமல் இரண்டு ஆண்டு கடந்த நோ க்ளெய்ம் சான்றை அங்குள்ள பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை.